பின்சக்கரம்

— இது ஓடையில விழுந்த சைக்கிள் இல்ல, மாமி.

— பின்ன ஆகாசத்துல இருந்தா விழுந்துது? மழை, வெளிச்சம் இல்ல, சறுக்கிச்சு, விழுந்தேன். நீ சக்கரத்துக் கோட்டத்தை எடுத்து, மாத்த வேண்டியதை மாத்தித் தா பிள்ளே. ஆட்டோக்காரன் வாசல்ல நிக்கியான்.

— அவனை அப்பமே அனுப்பியாச்சு. முதல்ல இந்த ஸ்டூல்ல இருங்க. கையில கட்டோட நிக்காதீங்க. இஞ்ச பாருங்க. ஓடையில விழுந்தா முன்னால தானே அடிபடணும்? முன்சக்கரத்துக்கு ஒண்ணும் இல்ல. ஃபோர்க் நேரா இருக்கு. ஹேண்டில்பார்ல ஒரு கீறல் இல்ல. பின்சக்கரம் மட்டும் பொரிச்ச பப்படம் கணக்கா வளைஞ்சு கெடக்கு. கேரியரு சீட்டுக்க அடியில ஏறிப் போச்சு.

— விழுந்தப்பம் கரணம் அடிச்சிருக்கும்.

— மட்கார்டுல வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கு. ஓடைக்கு எவன் வெள்ளை அடிச்சான்?

— நீ சைக்கிளைப் பாரு பிள்ளே. எனக்க வாயைப் பாக்காண்டாம்.

— சைக்கிளைத் தான் பாக்கியேன். இது நான் ஒண்ணொண்ணா கோத்து எடுத்த சைக்கிளாக்கும். மிஷன் ஆஸ்பத்திரி ஏலத்துல நீங்க எடுத்துக்கிட்டு வந்தப்பம் துருப்பிடிச்ச கம்பிக்கூடு. செயின் கவர் கோட்டாறுல பழைய இரும்பு எடுக்கிய ஆக்கர் கடையில கெடைச்சுது. பின் ஹப்புக்கு குளச்சல்ல மீரான் காக்காக்க பழைய சாமான் குடோன்ல உச்சி முதல் அந்தி வரை கவிழ்ந்து கெடந்தேன். இந்தப் பின்சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் ஒண்ணு விடாம எனக்க கையால கட்டினேன். அது தானா வளைஞ்சுதா, எவனாவது இடிச்சு வளைச்சானான்னு எனக்கு அறியாதா?

— அதனால தானே ஒனக்கிட்ட வந்தேன். நாகர்கோவில்ல காட்டியாச்சு. லேடீஸ் பிரேமு, இந்தச் சாமானம் எல்லாம் இப்பம் வராது, வீட்டு வாசல்ல பூச்சட்டி வைக்கலாம்னு சொல்லிட்டானுவ.

— நாகர்கோவில் போற பஸ்ஸு எனக்க கடைக்கு முன்னால தானே போவுது. என்னைத் தாண்டி எதுக்குப் போனீங்க?

— ஒனக்கு வேலை கூடுதல்னு நெனச்சேன்.

— சரி. பழைய சாமானை எல்லாம் சாக்குல கெட்டித் தான்னு சொன்னீங்களே, அது எதுக்கு?

— எனக்க சாமான், எனக்குத் தராண்டாமா? ஆக்கருக்குப் போடுவேன், கடல்ல போடுவேன். நீ என்ன பிள்ளே, போலீசு கணக்கா கேக்கிய?

— கடல்லயா? மாமி, ஒங்களுக்கு யாரையோ கண்டு பயம். இடிச்சவனை நீங்க கண்டிருக்கீங்க.

— நான் ஒருத்தனையும் காணல்ல. முட்டத்துல அந்த மீன்காரருக்கு முதுகுப் புண்ணு கெட்டிட்டு வந்தேன். அந்தியாச்சு, தூறல் போட்டுது. இறக்கத்துல கண்ணு தெரியல்ல. வயசாச்சு. இதுல யாரைக் காண?

— இதுதான் எனக்குப் பொறுக்காதது. கண்ணு தெரியல்லேன்னு நீங்களே சொல்லியீங்க. ஒங்க மோன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, சைக்கிளை வித்துத் தொலைங்க, என் மானத்தை வாங்காண்டாம்னு சொன்னான் இல்லியா? எனக்கு அறியும், நீங்கதான் பஸ் ஸ்டாப்புல எங்க பக்கத்து வீட்டு பெமிலாகிட்ட சொல்லி அழுதீங்க. படுக்கையில கெடக்கியவங்களைப் பாக்கப் போற ஒங்க சபைக் கமிட்டியில, செல்லபாயம்மா இனி வீட்டுல ஓய்வெடுக்கட்டும்னு பேசியாச்சு. கிழவிக்கு எதுக்கு சைக்கிளுன்னு சாயாக்கடையில சிரிக்கியானுவ. எவனோ பின்னால வந்து இடிச்சுட்டுப் போயிட்டான். பழி முழுசும் ஒங்க கண்ணு மேல.

— பழி தானே. சுமந்தா தோள் வலிக்காது.

— வலிக்கும் மாமி. எங்க அம்மைக்கு வலிச்சுது.

— அதை இப்பம் எதுக்கு எடுக்கிய?

— எடுக்கத்தான் செய்வேன். எங்க அப்பா கீரிப்பாறை எஸ்டேட்டுல ரப்பர் பால் வெட்டப் போனது ஒங்களுக்குத் தெரியும். இருட்டோட எழும்பி சைக்கிள்ல போவாரு. ஒருநாள் எஸ்டேட் ரோட்டுல செத்துக் கெடந்தாரு. பின்னால வந்த வண்டி அடிச்சதாக்கும். ஆனா சொன்னது யாரு? ஒருத்தரும் இல்ல. அடக்கம் முடிஞ்ச கையோட எங்க தாய்மாமா அந்தச் சைக்கிளை ஒரு கடையில குடுத்து, ரிம்மை மாத்தி, மட்கார்டை மாத்தி, பச்சை பெயிண்டும் அடிச்சுக் கொண்டு வந்தாரு. வீட்டுல ஒருத்தர் வேலைக்குப் போவாண்டாமா, சைக்கிளு வேணுமேன்னு நெனச்சு செய்தது. அவரைக் குத்தம் சொல்லல்ல. பெறவு இன்ஸ்பெக்டர் வந்தாரு, சைக்கிளு எங்கன்னு கேட்டாரு. அது முற்றத்துல மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கிட்டு நிக்குது. அவரு சுத்திப் பாத்துட்டு, ஆளு குடிச்சிட்டு விழுந்திருப்பாருன்னு சொல்லிட்டுப் போனாரு. எங்க அப்பா கள்ளு வாயில வச்சவரு இல்ல. ஆனா எங்க அம்மை சாவுற வரைக்கும் குடிகாரனுக்க பொண்டாட்டியாத்தான் செத்தா. ரிம்மை மாத்தினவன் பாத்திருப்பான் மாமி. எனக்குத் தெரியற மாதிரி அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை சொல்லல்ல.

— எனக்கு அறியும் மக்களே. ஒங்க அம்மைக்கு கடைசியில புண்ணு கெட்டினது நானாக்கும். அவ சொல்லாததா?

— அப்பம் எனக்கு எதுக்கு இந்த வேலையைக் கொண்டு வந்தீங்க? இடிபட்ட சைக்கிள் வந்தா முதல்ல போட்டோ எடுப்பேன், கேசு எழுதினதுக்குப் பெறவு தான் ஸ்பேனரைத் தொடுவேன். இந்தக் கடை தொறந்த அன்னிக்கே எடுத்த முடிவு. புது ரிம்மு மேல தொங்குது, பாருங்க. ஒரு மத்தியானத்துல மாத்திருவேன். மாத்த மாட்டேன்.

— அப்பம் வேண்டாம். ஆட்டோவைக் கூப்பிடு. நான் கொண்டு போறேன்.

— சைக்கிளு இனி இந்த இடத்தை விட்டு அசையாது. ஸ்டேஷன்ல ராஜகுமார் ஏட்டையாவுக்கு போன் பண்ணியாச்சு.

— எப்பம்?

— வந்த ஒடனே நீங்க வெள்ளம் குடிக்க உள்ள போனப்பம். வந்துக்கிட்டு இருக்காரு.

— ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா? வர வேண்டாம்னு சொல்லு. இப்பமே சொல்லு.

— எதுக்குப் பயப்படுதீங்க? ஒங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டாங்க. சாட்சிக்கு எங்க வீட்டுக்காரரு இருக்காரு. அவருதானே ஒங்களை ஓடையில இருந்து தூக்கி, எங்க கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை சபையில போதகர் அவரை எழுப்பி நிறுத்தி, நல்ல சமாரியன்னு சொல்லி ஜெபம் பண்ணினாரு. நான் பெண்ணுங்க பக்கத்துல இருந்து கண்ணைத் துடைச்சேன். எங்க அப்பாவுக்கு இப்படி ஒருத்தன் வரல்லியே, எனக்க பிள்ளைகளுக்க அப்பன் இன்னொருத்தருக்கு வந்தானேன்னு. அவரு வண்டி ஓட்டிக்கிட்டு வந்தப்பம் எதிர்ல ஏதாவது போயிருக்கும். ஏட்டையா கேட்டா நினைவு வரும். நானே இப்பம் அவரைக் கூப்பிடியேன்.

— போனைக் கீழ வை.

— மாமி...

— கீழ வை பிள்ளே. ஷாஜனைக் கூப்பிடாண்டாம்.

— எதுக்கு?

— ஒனக்க குடும்பம் நாசமாப் போவும்.

— மிரட்டினவன் யாரு, சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்.

— ஒருத்தனும் மிரட்டல்ல. எனக்க காலைப் பிடிச்சான்.

— யாரு?

— ஒனக்க ஷாஜன் ஆக்கும். உக்காரு. இந்த ஸ்டூல்ல நீ உக்காரு. நான் சொல்லியேன். குளச்சல்ல கூட்டுக்காரனுக்க வீட்டுல விருந்து கழிஞ்சு வந்திருக்கான். இறக்கத்துல பின்னால வெளிச்சம் வந்துது. ஒதுங்கினேன். ஒதுங்கின பக்கமே வந்து இடிச்சான். நான் ஓடையில கெடந்தேன், சைக்கிளு எனக்க மேல கெடந்துது. காரு கொறச்சு தூரம் போய் நின்னுது. போயிருவான்னு தான் நெனச்சேன். போகல்ல. இறங்கி ஓடி வந்தான். வாயில குடிச்ச மணம். எனக்க முகத்தைப் பாத்ததும், மாமி நீங்களான்னு கேட்டுட்டு அந்தச் சேத்துல மண்டியிட்டு அழுதான். தோள் எலும்பு ஒடிஞ்சு நான் கெடக்கியேன், என்னை விட அவன் சத்தம் கூடுதல். தூக்கி வண்டியில வச்சான். வழி முழுசும் ஒரே ஒரு காரியம் தான் சொன்னான். மாமி, போலீசுக்கிட்ட வேணும்னா சொல்லுங்க, ஷைஜாகிட்ட மட்டும் சொல்லாண்டாம், அவ அப்பனை அடிச்சவனைப் பாக்கிய மாதிரி என்னைப் பாப்பான்னு.

— ஆஸ்பத்திரியில யாரு சொன்னது, ஓடையில விழுந்தாங்கன்னு?

— அவன் தான் முதல்ல சொன்னான். டாக்டர் எனக்கிட்ட கேட்டாரு. ஆமான்னு சொன்னேன்.

— எதுக்கு ஆமான்னு சொன்னீங்க?

— ஒனக்க முகம் கண்ணுக்கு முன்னால வந்துது. அவன் அடுத்த மாசம் குவைத்துக்குத் திரும்பப் போணும். கேசுன்னு வந்தா பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சிருவாங்க. ஒனக்க ரெண்டு பிள்ளைகளுக்க படிப்பு, இந்தக் கடைக்கு எடுத்த லோன், எல்லாத்தையும் நெனச்சேன். எனக்கு என்ன, எலும்பு கூடிரும். பின்ன, அவன் ஒங்க அப்பாவை அடிச்சவன் மாதிரி விட்டுட்டுப் போகல்ல பிள்ளே. அதையும் நீ பாக்கணும்.

— பாக்கியேன். தூக்கினாரு. பெறவு சபையில எழும்பி நின்னாரு.

— அது போதகர் நிறுத்தினது.

— அவரு உக்காந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து எனக்கிட்ட எப்படிச் சொன்னாரு தெரியுமா? வயசானவங்க கண்ணு தெரியாம இனி சைக்கிள்ல போகாம இருக்கியது நல்லதுன்னு சொன்னாரு. சோறு தின்னுக்கிட்டே சொன்னாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன் மாமி. ஒங்களைப் பத்தி.

— அவன் பயத்துல சொன்னது. பயந்தவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான்.

— எங்க அப்பாவை அடிச்சவனும் பயந்துதான் போயிருப்பான்.

— ரெண்டும் ஒண்ணா?

— ஒண்ணு இல்ல. எனக்குத் தெரியும் ஒண்ணு இல்லேன்னு. ராத்திரி பிள்ளைகளைத் தோள்ல போட்டு உறக்காட்டுற மனுஷன். அவரைப் பத்தி யாராவது குத்தம் சொன்னா நான் சண்டைக்குப் போவேன்.

— நான் சொல்லியதைக் கேளு. ஏட்டு வந்தா, சும்மா ஒரு சந்தேகத்துல கூப்பிட்டேன்னு சொல்லு. நான் விழுந்தேன்னு சொல்லுவேன். அடிபட்ட நானே சொன்னா அவரு என்ன செய்வாரு? பெறவு நீ அவனை வீட்டுல வச்சு என்ன வேணும்னாலும் கேளு. அவனை அடி, வாசல்ல நிறுத்து. அது குடும்பத்துக்குள்ள. இந்த ரிம்மை மாத்து, மட்கார்டை மாத்து. நான் ஒருக்கிலும் வாயைத் தொறக்க மாட்டேன். எனக்க கர்த்தர் மேல ஆணை.

— நீங்க தொறக்காம இருந்தா கமிட்டி ஒங்களை வீட்டுல இருத்தும்.

— இருந்துட்டுப் போறேன்.

— முட்டத்து மீன்காரருக்கு யாரு புண்ணு கெட்டுவா? சொல்லுங்க.

— அதை எதுக்கு இதோட கோக்கிய?

— எங்க வெள்ளைக் காரு இப்பம் எங்கன்னு அறியுமா? கேட்டுல இடிச்சு பம்பர் ஒடுங்கிப் போச்சுன்னு சொல்லி, இன்னிக்குக் காலையில திங்கள்நகர்ல ஒரு பெயிண்ட் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனாரு. எந்தக் கேட்டுலன்னு நான் கேக்கல்ல. புருசன் சொன்னா கேக்கியதுக்கு என்ன இருக்கு? இப்பம் அங்க ஒருத்தன் பம்பரைக் கழத்திக்கிட்டு இருப்பான். இஞ்ச நான் ரிம்மைக் கழத்தணும். சாயங்காலம் ஆவும்போ ரெண்டும் புதுசா மினுங்கும்.

— அவனுக்கு ஒரு போன் பண்ணு. அவன் வாயால என்ன சொல்லியான்னு கேளு. கேக்காம ஒண்ணும் செய்யாத.

— பண்ணினா அழுவாரு. அழுதா நான் மாறிப் போவேன். எனக்கு என்னை அறியும்.

— ஷைஜா. பிள்ளைகளை நெனச்சுக்க.

— அவங்களைத் தான் நெனக்கியேன். வாசல்ல பைக் சத்தம் கேக்குது.

— மக்களே, ஒனக்க காலைப் பிடிக்கியேன். எனக்க கையில கட்டு இருக்கு, குனிய முடியல்ல. பிடிச்சதா வச்சுக்க.

— என்ன ஷைஜா, அவசரமா வரச் சொன்னிய? அட, செல்லபாயம்மா. கை எப்படி இருக்கு?

— வாங்க ஏட்டையா. கையி கொள்ளாம், பரவாயில்ல. இந்தப் பிள்ளை சும்மா பயந்து ஒங்களைக் கூப்பிட்டுட்டா. ஒண்ணும் இல்ல. கண்ணு தெரியாம நான் ஓடையில விழுந்ததாக்கும்.

— மாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும், ஏட்டையா. இடிச்ச காரு திங்கள்நகர்ல ஒரு பெயிண்ட் கடையில நிக்குது, பம்பரை மாத்தியதுக்கு முன்ன போங்க. எங்க வீட்டுக்காரரும் அங்க தான் இருப்பாரு, அடிக்காதீங்க, கேட்டாச் சொல்லுவாரு.