துணைக்கு ஒருவர்

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் பஸ் காலை 11.20க்குப் புறப்பட்டது. எனக்கு முன் இருக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமியார் குரலைத் தாழ்த்தி, "உனக்கு உடம்பு தேறிடுத்துன்னு ஆத்துல போய்ச் சொல்லிடாதே" என்றார்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஏம்மா? மதராஸ்ல ஆபரேஷன் ஆகி ஆறு மாசமாச்சு. இருதயம் நன்னா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"அதை வேணும்னா சொல்லு. இனிமே துணை இல்லாம தனியாவே நடக்கலாம்னாரே, அதைச் சொல்லாதே."

மருமகள் சிரித்தாள். "நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த நடைப் பயிற்சி திருப்தியான்னு டாக்டர் என்னைத்தானே கேட்டார்? நீங்க முந்திண்டு 'ரொம்பத் திருப்தி'ன்னேளே!"

"பின்னே? தினம் சாயங்காலம் அம்மா மண்டபம் வரைக்கும் நடை, படித்துறையில உட்கார்ந்து வறுத்த கடலை. முப்பது வருஷத்துல உன் மாமனார் என்னை இப்படி வெளியே விட்டிருக்காரா?"

காவிரிப் பாலம் முடியும்வரை மருமகள் யோசித்தாள்.

"வாசப்படி ஏறறச்சே அவர் காதுல விழறாப்ல கொஞ்சம் மூச்சு வாங்கறேன். போறுமா?"

"லேசா வாங்கு. ரொம்ப வாங்கினா, நடையே வேண்டாம்னுடுவார்."