மூடி வைத்த முந்திரி

— கண்ண மூடிக்கினே பேசு நான்சி, நானும் படுத்துக்கினே கேக்கறேன். நீ வியாபாரப் பேச்சு பேசப் போன அந்த மேச எவ்ளோ நீளம்?

— நம்ம குவார்ட்டர்ஸ் வராண்டா அளவு இருக்கும், செசிலியாக்கா. இந்தப் பக்கம் டெல்லியில இருந்து போன நாங்க. எதிர்ல கடலுக்கு அக்கரை நாட்டுக்காரங்க. மதியம் ஆனா கண்ணு சொருகும். மேசையே தண்ணி மாதிரி அசையும்.

— எனக்கு மண்ணு அள்ளிக்கினு ஓடற அந்த மைன்ஸ் பெல்ட்டு சத்தம் கேட்டாலே அப்படித்தான் ஆவுது. சண்ட போடுவீங்களா?

— சத்தமே வராது. ஒரு வார்த்தைக்கு ஒத்துவரலைன்னா அதை அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். அது மாசக்கணக்கா அங்கயே தூங்கும்.

— பாவம். எழுப்பறது யாரு?

— டீதான். டீ குடிக்க எழுந்து போறப்பதான் நிஜப் பேரமே. இதுக்கு நீ இறக்குமதி வரிய எடுத்துடு, அதுக்கு நான் எடுத்துடறேன்னு.

— இந்தப் பேச்சு நல்லபடியா முடியணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கினே இருந்தேன். அதுல முந்திரி வந்துச்சா?

— வெளிய சொல்லக்கூடாதுக்கா.

— நீ எங்க சொல்ற. தூக்கத்துல உளர்ற.

— ம்... வந்துச்சு. அதுக்குத்தான் ரொம்பக் கேட்டாங்க. எனக்கு உன் முந்திரி ஷெட்டு ஞாபகம் வந்துடுச்சு. கையில சாம்பல் பூசிக்கிட்டு கொட்டை உடைக்கிற செங்கமலம் அக்கா முகம் வேற. முந்திரிங்கற பேருல வர்ற எதுக்கும் வரிய எடுக்கக்கூடாதுன்னு எங்க குழுப் பெரியவர்கிட்ட நான்தான் பிடிவாதமா நின்னேன். பதிலுக்கு மிளகு வரிய விட்டுக்குடுத்தோம்.

— மறுபடியும் மாத்த முடியாதா?

— ஒண்ணை உருவினா மொத்தமும் அவுந்துடும். திங்கக்கிழமை கையெழுத்து. இனிமே வெளிச்சரக்கு மலிவா வந்து உன் ஷெட்டை மூட வைக்காது. நிம்மதியா தூங்கு.

— அது இருக்கட்டும் பாப்பா. சைமன்ராஜ் மாமா தோப்பு ஞாபகம் இருக்கா?

— இல்லாமலா? உனக்குக் கொட்டை வர்றதே அங்க இருந்துதானே. நாளைக்குப் போலாமா? பழம் வாசனைக்கே தூக்கம் வரும்.

— நீ ஊரு ஊரா பேசப் போயிருந்தப்ப அதைச் சுரங்கம் தோண்ட எடுத்துக்கினாங்கடி.

— அப்ப ஷெட்டுல இப்ப எதை உடைக்கிறீங்க?

— நீ வரிய எடுக்க வுடாம நிறுத்தின அக்கரைக் கொட்டையத்தான். அந்த வரி போனாதான் ஷெட்டு பிழைக்கும்னு மெழுகுவத்தி ஏத்தினேன்.