வெட்டாத கூப்பன்

பீர் மைதீன்: கையத் துடச்சிட்டுத் தொடு. பஜ்ஜி எண்ணெயோட எடுக்காத.

எபி: துடச்சாச்சு வே. என்னது, காக்கிக் கவர்ல சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் சுத்தி... மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி கொண்டாந்த மாதிரி இருக்கு.

பீர் மைதீன்: பிரி. பைய.

எபி: நீலக்குதிரை காமிக்ஸ். மொத இதழ்... ஏழாவது கலங்கரை விளக்கம்.

பீர் மைதீன்: எண்பத்தாறாம் வருசத்துப் புஸ்தகம். ஊர் ஊரா இருந்து ஆளுவ போட்டோ அனுப்பி ஒன்கிட்டதான கேக்காங்க, அசலா நகலான்னு. எனக்கும் பாத்துச் சொல்லு. அட்டை?

எபி: அசல். வெல போட்ட கட்டம் மஞ்சளா இருக்கு. பொறவு வந்த பதிப்புல அது வெள்ள.

பீர் மைதீன்: பின்னு?

எபி: ரெண்டும் அச்சாபீஸ்ல அடிச்சது. பிரிச்சு மாத்துன தடம் இல்ல.

பீர் மைதீன்: துரு?

எபி: ...இல்ல.

பீர் மைதீன்: அத ஞாபகத்துல வச்சுக்க. இப்ப கடேசிப் பக்கம்.

எபி: போட்டிக் கூப்பன் வெட்டாம இருக்கு.

பீர் மைதீன்: வெட்டாத கூப்பனோட மொத இதழ்னா நம்ம காமிக்ஸ் குரூப்ல பாதிப் பேரு மயங்கி விழுந்துருவான். ஆனா இதுல பேனாவால எழுதிருக்கு. வாசி.

எபி: நீ வாசிச்சிருப்பேல்லா.

பீர் மைதீன்: ஒன் வாயால கேக்கணும்.

எபி: 'வைரத்தைத் திருடியவர் யார்? கலங்கரை விளக்கக் காவலாளி. பெயர், மு. அஸீலா. வயது பதினாலு. மேலப்பாளையம்.'

பீர் மைதீன்: எங்க லாத்தா.

எபி: தெரியும் வே. கூடப்பொறந்த அக்கா. பீடி சுத்துன கூலில மிச்சம் பிடிச்சு வாங்குனா. போட்டில ஜெயிச்சா கைக்கடிகாரம்னு கூப்பன எழுதுனா. அனுப்புததுக்குள்ள மஞ்சக்காமாலை வந்து போயிட்டா. எத்தன தடவ சொல்லிருக்க.

பீர் மைதீன்: அவ நோட்டெல்லாம் வாப்பா பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டாரு. எழுத்துன்னு மிஞ்சினது இந்த ஒண்ணுதான்னும் சொல்லிருக்கேன்.

எபி: அதான் திரும்பக் கெடச்சிருச்சே. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பீர் மைதீன்: ஸ்தோத்திரம் இருக்கட்டும். நீ ஒண்ணு கேக்க மறந்துட்டியே.

எபி: என்ன கேக்கணும்?

பீர் மைதீன்: எவன் புதுசா ஒரு புஸ்தகம் கொண்டாந்தாலும் ஒன் வாயில மொதல்ல வாரது, எங்க கெடச்சுதுன்னுதான். முப்பது வருசமா பாக்கேன். இன்னைக்குத்தான் கேக்கல.

எபி: சந்தோசத்துல... சரி, எங்க கெடச்சுது?

பீர் மைதீன்: டவுன்ல கார்த்திகேசன் பழைய புஸ்தகக் கடையில. நேத்து அந்த வழியாப் போனேன். என்னப் பாத்ததும் அவனே எந்திச்சு வாரான். அண்ணாச்சி, ஒரு காமிக்ஸ் வந்திருக்கு, கொக்கிரகுளத்துல வெள்ளம் அடிச்ச வீட்டுக் காகிதத்தோட கெடந்துச்சுங்கான். என்னடே வெலன்னேன். குடுக்கதக் குடுங்கங்கான். ஒரு பழைய வாரப்பத்திரிகைக்கு அர மணி நேரம் இழுக்குத ஆளு, குடுக்கதக் குடுங்கங்கான். இருநூறு ரூவா நீட்டுனேன். எண்ணிக்கூடப் பாக்கல. டீ வேற வாங்கிக் குடுத்தான்.

எபி: மனசு எளகிருக்கும்.

பீர் மைதீன்: கார்த்திகேசனுக்கு? இருக்கும், இருக்கும். பஸ்ல மடியில வச்சு பிரிச்சுப் பாத்தேன். அஸீலாங்கத பேரப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் வேத்துட்டு. பக்கத்துல இருந்த பொம்பள, அண்ணே தண்ணி குடிக்கேளான்னு கேக்கா. குடிச்சேன். குடிச்ச பொறவுதான் தண்ணி ஞாபகமே வந்துச்சு.

எபி: என்ன தண்ணி?

பீர் மைதீன்: டிசம்பர் வெள்ளம். இந்தப் புஸ்தகத்துல தண்ணி பட்ட கறை எங்கலே? ஸ்கேன் எடுத்துட்டுத் தாரேன்னு நீதான் வாங்கிட்டுப் போன. மழ வந்துச்சு. ஒன் கொக்கிரகுளத்து வீட்டுல இடுப்பு மட்டும் தண்ணி. வடிஞ்ச அன்னைக்கு என் கடை வாசல்ல வந்து நின்னு அழுத. மேசையோட போயிருச்சு, கூழாப் போச்சுன்ன. நாந்தான் ஒன்னத் தேத்துனேன். உசுரு தப்புச்சுல்லா, காகிதம் போனாப் போகுதுன்னேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி கதவச் சாத்திட்டு நான் அழுதது ஒனக்குத் தெரியாது.

எபி: தெரியும். ஒம் பொண்டாட்டி என் வீட்டுக்காரி லில்லிகிட்ட சொல்லிருக்கா.

பீர் மைதீன்: அப்ப சொல்லு. கூழாப்போன புஸ்தகம் இப்படி மொறுமொறுன்னு எப்படி இருக்கு? பின்னுல ஒரு பொட்டுத் துரு இல்ல. மோந்து பாரு, பழைய காகித வாடைதான் வருது. இது வெள்ளத்துல கெடக்கல. எவன் வீட்டுலயோ பத்திரமா இருந்திருக்கு.

எபி: பீரு, நான் சொல்லுதத கொஞ்சம்...

பீர் மைதீன்: அந்த பீரோவத் தொற.

எபி: எதுக்கு இப்ப? சாவி லில்லிகிட்ட...

பீர் மைதீன்: சாவி அதுலயே தொங்குது. நான் தொறக்கேன். ...என்னலே இது.

எபி: மூடிரு.

பீர் மைதீன்: காலி. ஒன் நீலக்குதிரை இதழு ரெண்டுலேருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் வரிசையா நிக்கும். ஒண்ணையும் காணோம். வெள்ளத்தப்போ இது எல்லாம் பரண்ல இருந்து தப்பிச்சதுன்னு நீதான் சொன்ன. ஒன்னுது நாப்பத்தினாலும் பரண்ல, என்னுது ஒண்ணு மட்டும் மேசையில. அப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும். வித்திருக்க. ஒன்னுத விக்கும்போது என்னுதயும் சேத்து வித்திருக்க. வாங்குனவன் பேனாக் கிறுக்கல் இருக்குன்னு அதத் தள்ளிவிட்டிருப்பான். அது சுத்திச் சுத்தி கார்த்திகேசன் கையில வந்திருக்கு. இல்லன்னு சொல்லு எபி. நீ சொன்னா இப்பவும் நம்புவேன்.

எபி: ...ஆமா.

பீர் மைதீன்: என்ன ஆமா?

எபி: நீ சொல்லுததுதான். வித்துட்டேன்.

பீர் மைதீன்: வெளையாடாத.

எபி: வெளையாடல. கஷ்டம். வித்தேன். வெள்ளம்னு பொய் சொன்னேன். ஒன் லாத்தா கையெழுத்து ஒன்கிட்ட வந்துட்டுல்லா? அத எடுத்துட்டுப் போ. இனி இந்தப் படி ஏறாத. நானும் ஒன் கடைப் பக்கம் வரல.

பீர் மைதீன்: இவ்வளவு லேசாச் சொல்லுத. என் புள்ள கல்யாணத்துல வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிட்டவன் நீ...

லில்லி: பீர் அண்ணே, டீ.

பீர் மைதீன்: வேண்டாம் தங்கச்சி. நான் கெளம்புதேன்.

லில்லி: உக்காருங்க. அடுக்களையில எல்லாம் கேட்டுச்சு. இவங்க பொய் சொல்லுதாங்க.

எபி: லில்லி, நீ உள்ள போ.

லில்லி: போறேன். போயி அத எடுத்துட்டு வாரேன்.

எபி: லில்லி, வேண்டாம்.

பீர் மைதீன்: எத எடுக்கப் போறா? ஏன் மொகம் இப்படி வெளிறுது ஒனக்கு?

லில்லி: இந்தாங்கண்ணே. துணிய நீங்களே பிரிங்க.

பீர் மைதீன்: என்னது இது, செங்கலா?

லில்லி: ஓரத்துல பாருங்க. குதிரை வாலு நீலமாத் தெரியும். ஈரம் இழுக்கும்னு நாலு மாசம் அரிசி டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க. ஒரு பக்கம்கூடப் பிரியல. இன்னும் ஆத்து வண்டல் வாடை அடிக்கும்.

பீர் மைதீன்: பின்னு ரெண்டும் துருவேறி உள்ள எறங்கிருக்கு... அட்டையில லைட்ஹவுஸ் உச்சி மட்டும் தெரியுது. இதுதான் என்னுதா?

லில்லி: இதுதான் ஒங்களுது. ஒங்க கண்ணுல காட்டத் தைரியம் வரலன்னாங்க.

பீர் மைதீன்: அப்ப மேசையில கெடக்கது?

லில்லி: கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட இருந்துச்சாம். காசுக்குத் தர மாட்டேன், ரெண்டுலேருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் குடுத்தா மாத்திக்கிடுதேன்னாராம். அட்டப்பெட்டியில கட்டி, இவங்களே சுமந்துட்டுப் போயி பார்சல் போட்டுட்டு வந்தாங்க. அன்னைக்குச் சோறு திங்கல. ஒங்க புஸ்தகத்த விக்கலண்ணே. ஒங்களுக்காக இவங்க புஸ்தகத்தத்தான் குடுத்தாங்க.

பீர் மைதீன்: கார்த்திகேசன்...

லில்லி: இவங்க குடுத்து வச்சதுதான். நேராக் குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்கன்னு.

பீர் மைதீன்: கோட்டிக்காரப்பய. இத வாயத் தொறந்து சொன்னா என்ன? எதுக்குலே திருடன்னு ஒத்துக்கிட்ட? இரு. இரு இரு. கோயமுத்தூர்க்காரன் புஸ்தகம்னா... இதுல லாத்தா பேரு எப்படி வந்துச்சு?

எபி: பீரு...

லில்லி: என்ன பேரு? என்னங்க, எதச் சொல்லுதாரு?

பீர் மைதீன்: இந்தக் கூப்பனப் பாரும்மா. என் அக்கா பேரு, வயசு, எல்லாம் அவ எழுதுன மாதிரியே இருக்கு. எபி, இத எழுதுனது ஆரு?

எபி: ஸ்கேன் முடிஞ்ச அன்னைக்குத்தான் மழ பிடிச்சுது. புஸ்தகம் போச்சு, ஸ்கேன் இருந்துச்சு. அதப் பெருசாக்கி பிரிண்ட் போட்டு... ரஃப் நோட்டுல பதினோரு நாள் எழுதிப் பாத்தேன். அந்த 'ஸீ' மட்டும் வரவே இல்ல. அதோட சுழி உள்ள மடங்கி நிக்கும்லா. பன்னெண்டாம் நாள் வந்துச்சு. வந்த சூட்டோட பழைய மைப்பேனாவ எடுத்து இதுல எழுதிட்டேன்.

லில்லி: செத்துப்போன புள்ளையோட கையெழுத்தயா? எங்கிட்ட இதச் சொல்லவே இல்லயே நீங்க.

எபி: சொல்லக்கூடிய காரியமா இது.

பீர் மைதீன்: அழுக்குப் படாத புஸ்தகம். வெட்டாத கூப்பன். அதுல போயி நீ பேனா வச்சியா? அடுத்தவன் பென்சில்ல கோடு போட்டாலே ஒரு மாசம் அவன்கிட்ட பேச மாட்டியேலே.

எபி: எழுதும்போது அதெல்லாம் தோணல. இப்ப அந்தப் பக்கத்தப் பாக்க முடியல.

பீர் மைதீன்: வெள்ளத்துல கெடந்ததுன்னு கதை கட்டத் தெரிஞ்சவன், ஒரு வாளித் தண்ணியில முக்கி எடுத்திருந்தா நான் சந்தேகமே பட்டிருக்க மாட்டேன்.

எபி: வாளியில தண்ணி பிடிச்சு வச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னேன். எழுத முடிஞ்சுது வே. நனைக்க முடியல. என்னத் திருடன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருந்தாக்கூட, அவ கையெழுத்து ஒனக்கு மிஞ்சிருக்கும். அதுக்குத்தான் ஆமான்னேன். இப்ப அதுவும் இல்லாமப் போச்சு. அந்தப் பக்கத்தக் குடு, கிழிச்சுப் போட்டுருதேன். செத்தவ பேருல பொய் எழுதிட்டேன். அவ மொகம்கூட நான் பாத்ததில்ல.

பீர் மைதீன்: தொடாத.

எபி: வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? பாக்கும்போதெல்லாம் என் புத்திதான ஞாபகம் வரும்.

பீர் மைதீன்: தொடாதன்னு சொன்னேன். உக்காரு. நீயும் உக்காரும்மா. அந்த டீயக் குடு எனக்கு.

லில்லி: ஆறிருச்சுண்ணே. சுட வச்சு...

பீர் மைதீன்: இருக்கட்டும். எபி, இத என் பொண்டாட்டிகிட்டக்கூட நான் சொன்னதில்ல. லாத்தா அந்தக் கூப்பன எழுதவே இல்லலே. கத்திரிக்கோல எடுத்துட்டு உக்காந்தா. வெட்டுனா பின்பக்கத்துல கடேசிப் படம் போயிருமேன்னு நான் புஸ்தகத்தத் தூக்கிட்டு ஓடி, கூரை ஓட்டுக்கு அடியில சொருவிட்டேன். ரெண்டு நாளாத் தேடுனா. அதுக்குள்ள காய்ச்சல், கண்ணு மஞ்ச. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டும், பீரு, எங்கலே வச்சிருக்க, கடேசித் தேதி போயிரும்லேன்னு கேட்டா. நான் பாக்கவே இல்லன்னேன். அவ கேட்ட கடேசிக் கேள்வி அதுதான். மவுத்தாகி நாப்பது கழிஞ்ச பொறவு ஓட்டுலேருந்து புஸ்தகத்த எடுத்தேன். நோட்டெல்லாம் அப்ப வீட்டுலதான் கெடந்துச்சு. அவ நோட்டப் பாத்து, சிலேட்டுல ஒரு மாசம் எழுதி எழுதி அழிச்சு, அவ பேனாவால எழுதுனேன். உம்மா அதப் பாத்துட்டு என் மவ எழுத்துன்னு முத்தம் குடுத்தா. பொறவு எப்படிச் சொல்லுவேன்? அவ 'ஸீ' சுழி உள்ள மடங்காதுலே. அது எனக்குத்தான் சரியா வரல. பதினோரு நாள் நீ பாத்துப் பாத்து எழுதுனது, பத்து வயசுல நான் எழுதுன எழுத்து.