அந்த எட்டு இலக்கம்

இல்லம்மா, அன்னைக்கு மாதிரி ராங் நம்பர்னு சொல்லி டொக்குனு வச்சிட முடியாது. நேர்லயே வந்து உக்காந்துட்டேன்ல. விலாசமா? எந்தம்பி டெலிபோன் ஆபீஸ்ல இருக்கான், அத விடுங்க. இந்தப் போன் நம்பர ஒருக்கா உங்க வாயால சொல்லுங்க. ஏழு, மூணு, ஒம்பது, மூணு, ஒம்பது, ஒண்ணு, மூணு, மூணு. ஆங். என் வீட்டுக்காரர் ஷேவ் பண்றப்ப, செடிக்குத் தண்ணி ஊத்துறப்ப எல்லாம் இதத்தான் பாட்டு மாதிரி முணுமுணுப்பாரு.

யாரு நம்பருங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. ஆளு காலேஜ்ல கணக்கு வாத்தியாரு. போன் நம்பர் இல்லடி, இது அதிசயமான எண்ணு, ஒண்ணயும் அதையும் தவிர வேற எதால வகுத்தாலும் மீதி நிக்கும்னாரு. அந்த மாதிரி எவ்வளவோ இருக்குமேன்னேன். இருக்காம். ஆனா இதுல கடைசி இலக்கத்த அழிச்சாலும் வகுபடாதாம். அதுக்கு முந்தின இலக்கத்தையும் அழி, அப்பவும் அப்படியே. அழிச்சுக்கிட்டே வந்தா ஏழு மட்டும் நிக்கும், அதுவும் வகுபடாது. இந்தக் குணம் உள்ளதுல இதுதான் ஆகப் பெரிசு, இதுக்கு மேல ஒண்ணு கிடையவே கிடையாதுன்னாரு. சொல்றப்ப அந்த மூஞ்சியப் பாக்கணுமே! கட்டுன நாள்லேர்ந்து என்னப் பாத்து அப்படி ஒரு பூரிப்பு வந்ததில்ல.

நான் விடுவேனா? மாடில இருக்கற கம்ப்யூட்டர் இன்ஜினியர்கிட்ட கேட்டேன். போட்டுப் பாத்துட்டு, சார் சொன்னது அத்தனையும் சரிதான்க்கான்னாரு. அங்கதான் சந்தேகம் கெட்டியாச்சு. பொய் சொன்னா மாட்டிக்குவாரு, உண்மையச் சொல்லி மறைச்சா யாரு பிடிப்பா? போன் போட்டேன். பொம்பளக் குரல். அதுவும் இளசா!

தையல் வேலையா? அங்க தொங்குதே ஆம்பளச் சட்டை, அது? ஓ, ஆர்டரு. இருங்க, காலரப் பாத்துடறேன். ம்ஹும், அவரு அளவு இல்ல.

இந்தப் போட்டோவப் பாருங்க. கண்ணாடியப் போட்டுட்டு நல்லாப் பாருங்க. பாத்ததே இல்லையா? பஸ்ல, கடையில, எங்கயும்? சும்மா சொல்லாதீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். நெசமாவே இல்லையா?

ஏம்மா பயப்படுறீங்க, நான் சண்டைக்கு வரல. இருந்தாச் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். அவருக்கு மண்டைக்குள்ள ரத்தக் கட்டு. ஆபரேஷன் ஆச்சு. கண்ணத் தொறந்தவரு என்னப் பாத்து, நீங்க யாரும்மான்னாரு. பெத்த மகளத் தெரியல. கூடப் பொறந்த அண்ணனத் தெரியல. ரொம்ப நெருக்கமானவங்க பேசுனா ஒருவேள நெனப்பு வரலாம்னு டாக்டர் சொல்றாரு. எங்க எல்லாரையும் எதுர நிறுத்திப் பாத்தாச்சு. கையோட உங்களக் கூட்டிட்டுப் போகலாம்னு கீழ ஆட்டோவ நிறுத்திட்டு வந்திருக்கேன். அது நீங்களா இருந்திருக்கக் கூடாதாம்மா?