கரடிக்கு வைத்த பொட்டு

சிட்னியின் பிளாக்டவுனில் ரயில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். மகளின் கிண்டர்கார்டன் ஆண்டிறுதி விழாவுக்குப் போகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“கரடிப் பொம்மைக்கு நாவூறு படுமெண்டு ஆரப்பா உங்களுக்குச் சொன்னது?” என்று கேட்டார் மனைவி.

“அது வகுப்புக் கரடி. கிழமைக்கு ஒரு பிள்ளையின்ர வீட்டை போகுது. போற இடமெல்லாம் ‘சோ கியூட்’ எண்டு தூக்கிக் கொஞ்சினா நாவூறு படாதோ? எங்கட வீட்டை வந்த நேரம் கன்னத்திலை ஒரு கறுப்புப் பொட்டு வைச்சன்.”

“அழியாத மார்க்கராலை! தோய்ச்சுப் பாத்தும் போகேல்லை. இண்டைக்கு அது மேடையிலை இருக்கப் போகுது. டீச்சர் கேட்டா நீங்களே சொல்லுங்கோ.”

“மகள் சொல்லுவாள்.”

“வகுப்பிலை வாயே திறக்காதவள், அவள் சொல்லுவாளாம்!”

அப்போது மனைவியின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அதை இரண்டு முறை வாசித்தார்.

“டீச்சர் அனுப்பியிருக்கிறா.”

“என்னவாம்?”

“பிள்ளை தானா எழும்பி, ‘இது ஒருத்தற்றை கண்ணும் படாமல் அப்பா வைச்ச பொட்டு’ எண்டு முழு வகுப்புக்கும் விளங்கப்படுத்தினவளாம். இப்ப எல்லாப் பிள்ளையளும் தங்களுக்கும் வேணுமெண்டு நிக்குதுகளாம். மேடையேற முதல் உங்களை வந்து வைச்சு விடட்டாம்.”

“பாத்தீரே!” என்று நிமிர்ந்த கணவரின் கை சட்டைப்பைக்குப் போனது.

“அந்த மார்க்கரை முதல்லை இஞ்சை தாங்கோ.” அதை வாங்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து தன் கண்மைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். “இதாலை வையுங்கோ. டீச்சருக்கும் ஒண்டு வேணுமாம்.”