மஞ்சத் துணி

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, சளி எல்லாம் தேவலையா? சரி, கிட்ட வந்து உக்காருங்க.

இது என் சிநேகிதியோட சித்தி மகனுக்கு நடந்தது. பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின் வேலை பாக்கறவன். அவனே என் சிநேகிதிகிட்ட சொல்லி அழுதானாம்.

மத்தியானம் ரெண்டரை மணி. ஈ காக்கா இல்லாத ரோடு. அவனோட அண்ணன் தன்னோட பழைய வண்டியில போறான்... ஓடற ஓட்டத்துல இன்ஜின் இறுகிப்போச்சு, சக்கரம் சட்டுனு நின்னு ஆளைத் தூக்கி அடிச்சுடுச்சு. அவ்வளவுதான். ஆள் இல்ல.

மூணு நாள் முன்னாடிதான் அந்த இன்ஜினை இவன் பிரிச்சு மாட்டியிருந்தான்.

அன்னைலேருந்து மாடியில இருக்கற அண்ணி இவன்கூட பேசல. ரெண்டு வருஷம். ஒரு நாள் எறங்கி வந்து நின்னா.

"மூலையில கெடக்கற அந்த இன்ஜினைப் பிரிச்சுப் பாரு தம்பி. உன் தப்பா, இல்லையான்னு எனக்குத் தெரியணும். கண்ணை மூட முடியல."

பிரிச்சான்.

பிஸ்டன் மாட்டறப்ப ஒரு சின்னக் கம்பி வளையம் போடுவாங்க. அது தவறி உள்ள விழுந்துடக் கூடாதுன்னு இன்ஜின் வாயில துணி அடைப்பாங்க. மாட்டினதும் எடுத்துடணும். இவன்... எடுக்கல. அடியில ஆயில் போற வழியை அடைச்சுக்கிட்டு, கருகின மஞ்சத் துணி.

படியில அண்ணியோட செருப்புச் சத்தம். சட்டுனு பாக்கெட்டுல திணிச்சுட்டான்.

"வேலை சுத்தம் அண்ணி. தப்பு ஒண்ணும் இல்ல."

அவ அழுதா. அப்புறம், "மேல வந்து ஒரு வாய் சாப்பிடு"ன்னா.

அன்னிக்கே துணியை எரிச்சு, சாம்பலைத் தண்ணியில கரைச்சான். புதுப் பிஸ்டன் வாங்கி மாட்டினான். இந்தத் தடவ துணியே வைக்கல. கிக்கரை ஒதைச்சான்.

டப்... டப்... டப்...

நின்னுபோச்சு. நூல் கருகற வாசனை. பிரிச்சா... அடியில மஞ்சத் துணி. ஈரமா. கையில சூடா.

திரும்ப எரிச்சான். திரும்ப மாட்டினான். திரும்பத் துணி. ஏழு தடவ. நட்டுத் தலையெல்லாம் தேஞ்சுபோச்சு, ஆளும்தான். "விட்டுடுண்ணா... தெரியாம பண்ணிட்டேண்ணா"ன்னு இன்ஜினைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சியிருக்கான்.

எட்டாவது தடவ பிரிக்கறான், அண்ணி வந்து வாசல்ல நின்னா. கையில சாப்பாட்டுத் தட்டு. மொகத்துல ஒரு சிரிப்பு.

"தம்பி... உங்க அண்ணன் கேட்டுட்டு வரச் சொன்னாரு. துணி கெடச்சுதான்னு."

அந்த நிமிஷம் வரைக்கும் துணியைப் பத்தி அவன் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல.

உங்க பக்கம் இப்படி ஏதாவது நடந்திருக்கா? எழுதுங்க... பகல்ல எழுதுங்க. வீட்டுல நான் தனியாத்தான் இருக்கேன்.