பானெட் மட்டும் பாக்கி

"அப்பா, நீங்க உள்ள வந்தா ஏன் எல்லாரும் பேச்சை நிறுத்திடுறாங்க?"

என் மகள் சின்ன வயதில் ஒருநாள் கேட்டாள். குழந்தைகள் மனதில் பட்டதைக் கேட்பார்கள், நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று வீட்டுக்கு என் மச்சினன் வந்திருந்தான், என் மனைவியின் தம்பி. அவன் இருக்கும் இடம் ஒரே சிரிப்பாக இருக்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் அது அடங்கியது. அவ்வளவுதான்.

அவனுக்கு வேலை கொடுத்தவன் நான்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. வெளிறிப்போன பழைய கார்களுக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசாக்கும் ஷெட் என்னுடையது. உப்புத்தாள் பிடிக்கக்கூடத் தெரியாமல் வந்தவன். கொஞ்ச காலத்தில், நான் எதிரே நிற்கும்போதே வாடிக்கையாளர்கள் "தம்பி இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவன் வாய் சும்மா இருக்காது. "எங்க மாமா ஒரு பார்வை பார்த்தா போதும், பெயிண்ட் பயந்துபோய்க் காஞ்சிடும்" என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பொறுமையைப் பெரிதாக நினைக்கிறவன் நான். காலையில் கும்பிடாமல் ஷெட்டைத் திறந்ததில்லை.

பெயிண்ட் அடிக்கும்போது அவன் போட்டுக்கொண்ட மாஸ்க்கைப் பற்றிக் கேட்டீர்கள். பளபளப்பு நிலைத்து நிற்க, பெயிண்டோடு ஹார்ட்னர் என்று ஒன்றைக் கலப்போம். அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. அதனால்தான் மாஸ்க், அதன் இரண்டு பக்கமும் கரி அடைத்த ஃபில்டர். கரியின் சக்தி தீர்ந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. நேரத்துக்கு அதை மாற்றுவது என் பொறுப்பு.

நான் மாற்றவில்லை. பழையதையே துடைத்து, புதுசுபோல அவன் கண்ணெதிரே மாட்டிக் கொடுப்பேன். "எனக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்றீங்க மாமா" என்றான் ஒருமுறை. அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

முதலில் இருமல் வந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினாலே மூச்சு வாங்கியது. சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். ஷெட் அமைதியானது. வந்தவர்கள் என்னிடம் பேசினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன்.

கடைசியாக வந்தது ஒரு டீச்சரின் கார். வெயில் குடித்து, கூரையெல்லாம் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தது. "புதுசா ஆக்கித் தர்றேன் டீச்சர், பக்கத்து வீட்டுக்காரங்க வயிறு எரியணும்" என்று வாக்குக் கொடுத்திருந்தான். தேய்த்து, பட்டி வைத்து, கதவுகளையும் கூரையையும் முடித்தான். பானெட்டுக்கு வந்தபோது சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் அவன் கைகளைத் தின்னர் போட்டுத் துடைத்தேன், சட்டையை மாற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் பெயிண்டும் கையுமாகப் போவது நன்றாக இருக்காது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவர் ஸ்ப்ரே பெயிண்ட் வேலை ஏதாவது பண்றாரா? சரியா சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரிதான் நான் வைத்தியம் பார்க்கணும்."

என் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"இல்லைங்க. வண்டி கழுவுறதோட சரி" என்றேன்.

மறுநாள் மதியம் போய்விட்டான். என் மனைவி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

ஆனால் அவன்மேல் பகை வைத்துச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடக்கம் முடிந்ததும் நான் ஷெட்டுக்குப் போய்க் கதவை உள்ளே தாழிட்டேன். அந்த பானெட்டை நானே முடித்தேன். இறந்தவன் கொடுத்த வாக்கு கடனாக நிற்கக் கூடாது, பாருங்கள். யாரிடமும் சொல்லவில்லை, அவனே முடித்துவிட்டுப் போனதாகத்தான் டீச்சர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நிதானமாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூச்சு கொடுத்தேன். ஒரு துளிகூட வழியவில்லை.

மாஸ்க்கில் புது ஃபில்டர் போட்டுக்கொண்டேன்.